கீழ் லெவல்

வேணாம்மா, வேணாம். அந்த சீட்டு உன்னுது, நீயே உக்காரு. ஜன்னலாண்ட காத்து எனக்கு ஆவாது. நான் இப்டி எதுருல உக்காந்துக்கிறேன், கால் கீல் இடிச்சா சொல்லு. மாரிகுப்பத்துலருந்து ஒவ்வொரு பொட்டியா ஏறி எறங்கி வந்துனு கீறேன், மூச்சு வாங்குது. நீ கொரமண்டல் ஸ்டேஷன்லதான ஏறுன? பாத்தேன்.

ஆன்ட்டியா? ஏம்மா, முன்னால நாலு முடி நரச்சதுக்கு இவ்ளோ மரியாதையா? அக்கான்னே கூப்புடு.

வேலைக்கா? பெங்களூருல எங்க? ஐடின்னா, ஐடில எங்க? சரி சரி, வுடு. முன்ன பின்ன தெரியாதவ கேட்டா நானும் அப்டித்தான் சொல்லுவேன். கழுத்துல தொங்குன ஆபீஸ் டேக்க வேற பைக்குள்ள தள்ளி வச்சிக்கின. நல்ல பழக்கம். லாப்டாப்பு பைலதான கீது? சார்ஜ் கீதா? இல்லம்மா, சும்மா கேட்டேன். இன்னாத்துக்கு அப்டி பைய இறுக்கிப் புடிக்கிற, திருடியா நானு?

உங்க வூட்ல தங்கச் சொரங்கத்துல, மைன்ஸ்ல யாரு இருந்தாங்க? தாத்தாவா. நந்திதுர்க்கா மைன்ஸா! எங்கப்பாவும் அங்கதான், இன்பராஜ்னு பேரு, ஆளுங்கள சொரங்கத்துக்குள்ள எறக்குற கேஜுக்கு மணியடிக்கிறவரு. உங்க தாத்தா எந்த லெவல்ல எறங்குனாருன்னு தெரியுமா? தெரியாதா. ஆனா லெவல்னா இன்னான்னு தெரியும்ல? மேல தரை. எறங்க எறங்க நம்பர் ஏறும். பத்தாம் லெவலுக்குக் கீழ் லெவல் இன்னா? கரெக்டு, பதினொண்ணு. கொஞ்சங்கூட யோசிக்காம சொன்ன பாரு. நம்ம ஊருல பொறந்த எதுவும் அப்டித்தான் சொல்லும். எங்கம்மா டிபன் கேரியர்லகூட அடி டப்பாவ மூணாம் லெவல்னுதான் சொல்லும். மூணாம் லெவல்ல ரசம் கீது, சாய்க்காத போம்பாங்க. இத்த ஏன் கேட்டேன்னு அப்பறம் சொல்றேன்.

மணி இன்னா? ஏழு ஆவப் போவுதா? பங்காருபேட்டைல வேற நிறுத்திப் போட்ருவான்.

நானா? நானும் இந்த மாரி வேலதாம்மா. எழுத்து வேல. ஐயோ, கத கவித இல்ல. கம்பெனில ஒரு சாமான் செஞ்சாங்கன்னா அத்த எப்டிப் பொழங்குறதுன்னு எழுதித் தரணும். குக்கர் வாங்குனா கூடவே ஒரு புக்கு குடுப்பாங்கல்ல, யாரும் பிரிச்சிக்கூட பாக்காம பரண்ல போடுவோமே, அந்த மாரி. பதினஞ்சு வருசமா அதான் சோறு போட்டுச்சி. ஆனா இப்ப நாங்க எழுதறத மனுசங்க படிக்கிறது இல்ல. ஏஜெண்ட்டுதான் படிக்குது. எல்.ஐ.சி. ஏஜெண்ட் இல்லம்மா, ஏ.ஐ. ஏஜெண்ட். சிரிக்கிற. அப்ப உனக்கும் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சாலும் கேளு, பொறுமையா கேளு. நான் யாருக்கும் எங்கம்மாவுக்கு சொல்ற மாரிதான் சொல்லுவேன், அப்பதான் எனக்கே புரியும்.

மனுசன் படிச்சான்னா, ஒரு வரி கொழப்புச்சின்னா, ஃபோன் போட்டு இன்னாய்யா எழுதிக் கீறன்னு கேப்பான். ஏஜெண்ட்டு கேக்காது. எழுதுனத வேதவாக்கா எடுத்துக்கும். அதால நாங்க ஒரு சொல்லு போடறதுக்குள்ள செத்துப் பொழைக்கணும்.

இப்ப நான் அப்டி எழுதிக் குடுத்த சாமான் ஒண்ணு கீது. டூலு. அது இன்னா பண்ணும்னா, புரோகிராம மாத்த மாத்த நம்பர் போட்டுக்கினே போவாங்கல்ல, முப்பத்தொம்போது, நாப்பது, நாப்பத்தொண்ணுன்னு. ஏஜெண்ட்டு போயி, எனக்கு இந்த நம்பரு வேணும்னு கேட்டா, அந்த நம்பர்ல புரோகிராம் கோடு எப்டி இருந்துச்சோ அப்டியே எடுத்தாந்து காட்டும். காட்டும், அவ்ளோதான். ஒரு எழுத்த நகத்த வுடாது. ரீட் ஒன்லி. பாக்கலாம், தொடக்கூடாது. இதுல ஆபத்தே இல்லன்னு எல்லாரும் குஷியா இருந்தாங்க. படிக்க ஒண்டிதான தெரியும், அதால இன்னா கெடுதி வரப்போவுதுன்னு. நான் அப்பவே கேட்டேன். படிச்சவன் படிச்சிட்டு சும்மாவா இருப்பான்? படிச்சத நம்பி ஒரு வேல செய்வான்ல?

டீ குடிக்கிறியா? ஏம்ப்பா, ரெண்டு டீ. நான் குடுக்கறேன், நீ பைய தொறக்காத. பைய தொறக்கறதா இருந்தா வேற வேல கீது, சொல்றேன்.

அந்த டூல இப்ப ஒரு லிஃப்ட் கம்பெனி வாங்கிக்கீது. ஒவ்வொரு பில்டிங்குலயும் லிஃப்ட்டு ஓடுதுல்ல, ஒண்ணொண்ணுலயும் ஒவ்வொரு நம்பர் புரோகிராம். ரிப்பேருக்குப் போற மெக்கானிக்கு, இந்த லிஃப்ட்டு மேல ஏறுனா நகருமா நகராதான்னு ஏஜெண்ட்டக் கேப்பாரு. ஏஜெண்ட்டு டூல்கிட்ட அந்தக் கோட வாங்கிப் படிச்சிட்டுச் சொல்லும். இன்னிக்குத்தான் மொதல் ட்ரயலு. பத்து மணிக்கு.

மெக்கானிக்கு யாருன்னு கேளேன். சைலஸ். ஆண்டர்சன்பேட்டை ஆளு. எங்க ஆபீஸ் லிஃப்ட்டுக்கும் அவருதான் வருவாரு. செருப்பக் கழட்டி லிஃப்ட் வாசல்ல வச்சி, அதும்மேல டிபன் டப்பாவ வச்சிட்டுதான் உள்ள போவாரு. ஏன்யா செருப்பு மேல சோத்த வக்கிறன்னு ஒரு தடவ கேட்டேன். செருப்ப பாத்தா யாரோ வுட்டுட்டுப் போனதுன்னு மிதிச்சிட்டுப் போவாங்கம்மா, சோத்த பாத்தா உள்ள ஆளு கீறான்னு நின்னு யோசிப்பாங்கன்னாரு. நீ பாத்திருக்கியா? பச்ச மூடி டப்பா. பாத்திருக்கல்ல. ம்.

இல்லம்மா, நீ எங்க வேல செய்றன்னு நான் கேக்கவே இல்லயே.

கேளு. நேரம் இல்ல. அந்த டூல்ல ஒரு வெவகாரம் கீது. ஏஜெண்ட்டு கேட்ட நம்பரு கிட்டங்கில, அதான் எல்லா நம்பரையும் அடுக்கி வச்சிருக்கிற எடத்துல, இல்லன்னா, இல்லன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான? போவாது. அதுக்கு அடுத்த பெரிய நம்பர எடுத்துக் குடுத்துடும். அப்டித்தான் கட்டி வச்சிக்கீறாங்க, நான் எவ்வளவோ சண்ட போட்டேன். சரி, அந்தக் கோட்லயே இது இன்னா நம்பருன்னு இருக்காதான்னு கேக்குறியா? நல்ல கேள்வி. இருக்காது. மொதப் பக்கம் கிழிஞ்ச புஸ்தகம் மாரிதான் வரும். அதுல நம்பர் போடுங்கய்யான்னு நான் அனுப்புன மெயிலு இன்னும் கெடக்குது. அதால ஏஜெண்ட்டுக்கு நாங்க எழுதற டாக்குமெண்ட் ஒண்டிதான் கண்ணு. அதுல எழுதியிருந்துச்சி, நீ கேட்டது இல்லன்னா அடுத்த பெரிய நம்பர் வரும், அதாவது கேட்டதவிட புதுசுன்னு. நீளமான வரி. ஆனா நாயும் புரிஞ்சிக்கும்.

நேத்து சாயங்காலம் யாரோ அந்த வரிய மாத்திட்டாங்க.

சுருக்கிருக்காங்க. அழகாத்தான் சுருக்கிருக்காங்க, இங்கிலீஷ்ல. தமிழ்ல சொல்லணும்னா, கேட்டது இல்லன்னா ஒரு லெவல் கீழ குடுக்கும். அவ்ளோதான். நாலஞ்சு பேரு பாத்து சரின்னு சொல்லிட்டாங்க. ஏன் சொல்லமாட்டாங்க? பெங்களூர்ல பொறந்தவனுக்குக் கீழன்னா சின்ன நம்பரு. நாப்பத்தொண்ணுக்குக் கீழ நாப்பது. வழக்கமா எல்லாரும் பழச குடுக்கறதுதான, அப்டித்தான் போலன்னு போயிட்டான். எழுதுனது யாரோ, அதுக்குக் கீழன்னா பெரிய நம்பரு. நாப்பத்தொண்ணுக்குக் கீழ நாப்பத்திரண்டு.

இன்னாம்மா, டீ ஆறுது.

முழுசா கேட்டுடு. சைலஸ் இன்னிக்கு ஏறப் போற லிஃப்ட்டுல நாப்பத்தொண்ணு ஓடுது. அந்த நம்பர் கிட்டங்கில இல்ல. டூலு நாப்பத்திரண்ட எடுத்துக் குடுக்கும். நாப்பத்திரண்டுலதான் புதுசா ஒண்ணு சேத்தாங்க, மேல ஆளு நிக்கச்சொல்ல யாரு எந்த மாடில பட்டன் அமுக்குனாலும் பிரேக்கு வுடாது. நாப்பத்தொண்ணுல அது கெடையாது. ஆனா ஏஜெண்ட்டு டாக்குமெண்ட்ட படிச்சிட்டு, ஓ, கைல கீறது நாப்பதுன்னு நெனச்சிக்கும். நாப்பதுலயே பிரேக்கு கீதே, அப்ப நாப்பத்தொண்ணுல இல்லாமயா போவும்னு கணக்கு போடும். சைலஸ்கிட்ட, ஏறுப்பா, நகராதுன்னு சொல்லும். மெயின ஆஃப் பண்ணிட்டு ஏறலாம்தான். ஆனா இன்னிக்கு வேலயே கரண்ட்டு ஓடச்சொல்ல பாக்கற வேல. நாலாவது மாடில எவளோ ஒருத்தி மீட்டிங்குக்கு லேட்டாச்சின்னு பட்டன் அமுக்குனா போதும். டப்பா வாசல்ல இருக்கும், சோறு ஆறிப் போயிருக்கும்.

அழாத. அழறதுக்கு இது நேரமில்ல.

ஆமாம்மா. மாத்துனது யாருன்னு ஹிஸ்டரில பேரு கீது. பாக்யலட்சுமி. அத்த பாத்துட்டுத்தான் வந்தேன். உன் டேக்கு பைக்குள்ள போறதுக்கு முன்னாடியே நான் படிச்சிட்டேன். ரிசப்ஷன்ல உக்கார்ற ஐடான்ற பொண்ணு ஒருநாள் சொல்லிச்சி, உங்க ஊரு பொண்ணு ஒண்ணு சேந்துக்கீது, கொரமண்டல்ல ஏறும், தெனம் இந்த வண்டிலதான் வரும்னு. உன் நம்பரு ஒண்டி தரமாட்டேன்னுட்டா, ரூல்ஸாம். அதான் பொட்டி பொட்டியா தேடுனேன்.

எனக்கு எப்டி உங்க டாக்குமெண்ட்டு தெரியும்னா கேக்குற? அத்த அப்பறம் கேளு. இப்ப லாப்டாப்ப தொற. நீ வேணும்னா செஞ்ச? உங்க தாத்தா பேசுன தமிழ நீ இங்கிலீஷ்ல எழுதிட்ட, அவ்ளோதான். இந்தத் தப்ப நம்ம ஊருக்காரங்க ஒண்டிதான் செய்ய முடியும். கண்டுபுடிக்கறதும் நம்ம ஊருக்காரங்களாலதான் முடியும். வேற எவன் படிச்சிருந்தாலும் தாண்டிப் போயிருப்பான்.

ஆபீஸ் போயி பண்றியா? ஆபீஸ் போறதுக்குள்ள எட்டு மணி தாண்டிடும்மா. எட்டு மணிக்கு ஏஜெண்ட்டு அந்த டாக்குமெண்ட்ட ஒரு தடவ படிச்சி உள்ள ஏத்திக்கும். அப்பறம் நீ தங்கத்துல எழுதுனாலும் சாயங்காலம் வரைக்கும் அது எட்டு மணிக்குப் படிச்சதையேதான் வச்சிக்கினு இருக்கும். தெரியும்ல? தெரியும். நீதான இப்ப அந்த வேல பாக்குற.

ரூபேஷ் சாருக்கா? பண்ணேம்மா. ஆமா, உங்க மேனேஜரு ரூபேஷ் சாருக்குத்தான். விடிஞ்சதுலருந்து நாலு தடவ. கடசியா எடுத்தாரு. நான் கீழன்னு ஆரம்பிச்சதுமே அந்த சின்னப் பொண்ணு எழுதுனதுல குத்தம் கண்டுபுடிக்காதீங்க, பிடி, பிடின்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. கன்னடத்துல பிடின்னா வுட்டுடுங்கன்னு அர்த்தம். தமிழ்ல புடின்னா புடி. நான் தமிழ்லயே எடுத்துக்கினேன். அவரு வுடுன்னாரு, நான் வந்து உன்னப் புடிச்சேன்.

சைலஸ் நம்பரா? அந்தாளு நேத்து நைட்டே டூட்டிக்குப் போயிட்டாரு, வேலைக்கு வந்தா ஃபோன லாக்கர்ல போட்டுடுவாரு. வூட்டுக்காரம்மாகிட்ட சொல்லி வச்சிக்கீறேன், இன்னும் திரும்பக் கூப்புடல. சர்ச்சுக்குப் போயிருக்கும்.

வைஃபை இல்லயா? உன் ஃபோன்லருந்து போடு. சிக்னல் எத்தன கட்டம் கீது? ஒண்ணுகூட இல்லயா? டேக்கல் ஸ்டேஷன் வரட்டும். அங்க டவரு கீது. எக்ஸ்பிரஸ்ஸ வுடறதுக்கு இவன் அங்க நிறுத்துவான், தெனம் நிறுத்துறான்னு திட்டுவேன். இன்னிக்கு நிறுத்தணும் சாமி. ஏசப்பா, இந்த ஒருநாள் நிறுத்தச் சொல்லு.

நின்னுச்சா? நின்னுச்சி. ஃபோன ஜன்னலுக்கு வெளிய நீட்டு. வுட்டுடாத, கெட்டியா புடி. இல்ல, இங்க குடு, நான் புடிச்சிக்கிறேன். நீ டைப் பண்ணு. வந்துச்சா? சுத்துதா? சுத்தட்டும். பொறு. ரீஃப்ரெஷ் பண்ணாத, ஐயோ பண்ணாதன்னா, மறுபடி மொதல்லருந்து சுத்தும்.

தொறந்துடுச்சா! அந்த வரி. அதேதான். கீழன்னு போடாத. மேலன்னும் போடாத. மேல கீழன்னு வந்தாலே நமக்கும் மத்தவங்களுக்கும் தலகீழு. ஹிஸ்டரிக்குப் போ. நேத்திக்கி முன்னாடி இருந்தது கீதுல்ல? அப்டியே எடுத்துப் போடு. அடுத்த பெரிய நம்பர், கேட்டதவிட புதுசு. படி, சத்தமா படி ஒருவாட்டி. ம். கூடவே ஒரு உதாரணம் சேத்துடு. நாப்பத்தொண்ணு கேட்டு இல்லன்னா, நாப்பத்திரண்டு வரும். ஆங். இப்ப சேவ் பண்ணு.

நானே பண்ணலாமேன்னா? என் கைல இல்லம்மா. என்னயும் இப்ப அந்த டூல் மாரி ஆக்கி வச்சிக்கீறாங்க. பாக்கலாம், தொடக்கூடாது. ஒரு எழுத்து மாத்த முடியாது. மூணு மணி நேரமா தப்பு கண்ணு முன்னாடி நிக்குது, கை போவ மாட்டேங்குது. அது எப்டி இருக்கும்னு உனக்குச் சொன்னா புரியாது. எரிச்சலு. அழுக. ரெண்டும்.

போச்சா? பச்சையா வந்துச்சா? காட்டு. காட்டும்மா, எனக்குக் கண்ணு தெரியல, கண்ணாடி நனஞ்சிடுச்சி. ஏழு இருவது. வந்துடுச்சி. ஸ்தோத்திரம். எக்ஸ்பிரஸ் போறான் பாரு, போவட்டும், நல்லா இருக்கட்டும். அந்த டீய இப்ப குடி. ஆறிப் போனாலும் குடி.

இன்னும் இன்னா கேக்குது? ஓ, ஏன் மாத்துனன்னு காரணம் எழுதணுமா. எழுது. நானே எழுதுன தப்பு, நானே சரி பண்ணேன்னு எழுது. அதுல இன்னா வெக்கம்? ஒருத்தரும் சொல்றதுக்கு முன்னாடி நீ திருத்திட்ட, உன்ன மெச்சத்தான் செய்வாங்க. இல்லல்ல, வேற ஆளு கண்டுபுடிச்சாங்கன்னு போடாத. போட்டே ஆவணுமா? பிடிவாதம் புடிக்கிற பாரு, நம்ம ஊரு பொண்ணுதான்.

சரி. ஷைலான்னு போடு.

ஆமா. அந்த ஷைலாதான். அந்த டாக்குமெண்ட்டுல மேல பேரு இருக்கும்ல, அதே ஆளு. நோட்டீஸ் குடுத்து வூட்ல உக்கார வச்சிக்கீறாங்க, மாசக் கடசி வரைக்கும். ரெண்டு பேருக்கு வேல இல்ல, பாதி எழுத்த ஏஜெண்ட்டே எழுதிடுது, ஒரு சீட்டுதான் கீதுன்னாங்க. ட்ரயல்ல டாக்குமெண்ட்டால ஏதாச்சும் கோளாறு வந்துச்சின்னா அந்தப் பொண்ண அனுப்பிட்டு உங்களையே திரும்பக் கூப்புடறேன் ஷைலான்னு ரூபேஷ் சார் சொல்லி வச்சிருந்தாரு. அதனாலதான் தெனம் காலைல எழுந்ததும் நீ இன்னா மாத்திக் கீறன்னு பாத்துனு இருந்தேன். பேப்பர் படிக்கிற மாரி. விடியக்காலைல அந்த வரியப் பாத்ததும் மொதல்ல எனக்கு இன்னா தோணுச்சி தெரியுமா? அப்பாடா, என் வேல எனக்கு வந்துச்சின்னுதான். வூட்டு வாசப்படில உக்காந்து அந்த சந்தோசத்த கொஞ்ச நேரம் வச்சிப் பாத்தேன். அப்பறம்தான் அந்தப் பச்ச மூடி டப்பா ஞாபகம் வந்துச்சி.

நான் பெங்களூருக்கா? எனக்கு அங்க இன்னா வேல? மாலூர்ல எறங்கி திரும்பற வண்டி புடிக்கணும்.

ஏம்மா எந்திரிக்கிற? மாலூர்ல கூட்டம் அள்ளும், பெங்களூரு வரைக்கும் நின்னுனே போவியா? ஏறுனப்பவே சொன்னேன்ல, அந்த சீட்டு உன்னுதுன்னு. உக்காரு.